நிண்ட இடத்திலே நில்

போன மாதம் சுகந்தி ஒரு தாளோடு என் வீட்டுக்கு வந்தாள். நான் இருபத்தெட்டு வருடம் வேலை செய்த ஒலிப்பதிவுக்கூடத்தை இப்போது நடத்துகிறவள் அவள்தான். அதைத் தொடங்கிய தவரத்தினம் மாஸ்டரின் மகள். தாளில் பன்னிரண்டு பல்லவிகள் அச்சடிக்கப்பட்டிருந்தன. எல்லாம் ஒரே கோயில் பாட்டுக்கானவை.

“கொம்பியூட்டரிட்டைக் கேட்டனான் அன்ரி. ஒரு நிமிசத்திலை பன்னிரண்டு தந்திட்டுது. ஒண்டிலையும் பிழை சொல்லேலாது. ஆனா எதை எடுக்கிறதெண்டுதான் தெரியேல்லை.”

வாசித்துப் பார்த்தேன். எதுகை இருந்தது, மோனை இருந்தது, தாளத்துக்குள்ளும் அடங்கின. அவள் சொன்னது சரிதான், பிழை சொல்ல ஏதுமில்லை. வாசித்து முடித்த கையோடு தாளைத் திருப்பிக் கொடுத்தேன். ஒரு வரிகூட மனதில் தங்கவில்லை.

“எத்தினை பாட்டு உங்கடை கையாலை போயிருக்கும். ஒரு வரி உண்மையிலேயே பெரிய வரியெண்டு எதைக்கொண்டு சொல்லுறது? ஆறுதலா யோசிச்சு எழுதித் தாங்கோவன்” என்றாள்.

நாலைந்து நாள் யோசித்தேன். விதியென்று சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. நடந்தவைதான் இருக்கின்றன. அதில் இரண்டை எழுதுகிறேன்.

எங்கள் கூடம் சுன்னாகம் சந்தைக்குப் பின்புற ஒழுங்கையில் ஒரு மேல்மாடியில் இருந்தது. வெங்காயம் ஏற்றும் லொறி ஒழுங்கைக்குள் வந்தால் பதிவை நிறுத்திவிட்டு, அது போகும்வரை சும்மா இருப்போம். நான் சங்கீதம் படித்தவள், ஆனால் தனியாகப் பாடும் அளவுக்குக் குரல் இல்லை. முதல் இரண்டு வருடம் ஒலிநாடாப் பெட்டிகளுக்குப் பெயர் எழுதினேன், தேநீர் வைத்தேன், மற்றவர்கள் பாடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு மாஸ்டர் பாட்டுத் தாள்களை என்னிடம் தரத் தொடங்கினார். சம்பளப் புத்தகத்தில் ‘உதவியாளர்’ என்றிருந்தது. மாஸ்டர் என்னை அறிமுகப்படுத்தும்போது, “இவ யோகா, சொல்லுப் பாக்கிறவ” என்பார்.

சொல்லுப் பார்ப்பதற்கு ஒரு முறை இருந்தது. கவிஞர் தந்த பாட்டை முதலில் பெரிய எழுத்தில் படியெடுப்பேன். பிறகு மாஸ்டருக்கு முன்னால் நின்று, இராகம் எதுவுமில்லாமல், ஆளோடு ஆள் கதைப்பதுபோல் அதை வாசிக்க வேண்டும். மாஸ்டர் ஆர்மோனியத்தை மூடி, அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருப்பார். வாசித்து முடிந்ததும் எப்போதும் ஒரே கேள்வி.

“ஆர் ஆருக்குச் சொல்லுறது?”

தாய் பிள்ளைக்குச் சொல்கிறாள், கும்பிடப் போனவர் பிள்ளையாருக்குச் சொல்கிறார் என்று உடனே பதில் வந்துவிட்டால் சரி. நான் தடுமாறினால் தாள் திரும்பிப் போகும். ஒருமுறை பெரிய பட்டம் பெற்ற ஒருவரின் பாட்டை வாசித்துவிட்டு விழித்துக்கொண்டு நின்றேன். மாஸ்டர் கண்ணைத் திறக்காமலே, “உது தமிழ் தமிழுக்குச் சொல்லுது பிள்ளை. எங்களுக்கு இல்லை” என்றார்.

அது தேறினால் பென்சில் வேலை. மூச்சு எடுக்கிற இடத்தில் சாய்வாக ஒரு கோடு. ராகத்தை நீட்டுகிற இடத்தில் என்ன எழுத்து வருகிறதென்று பார்க்க வேண்டும். ‘அம்மா’, ‘வா’, ‘தாயே’ என்றால் பாடகரின் வாய் திறந்தே இருக்கும். ‘கண்’, ‘வேல்’ என்று மெய்யெழுத்தில் முடிந்தால் வாய் மூடிவிடும், குரல் போக இடமில்லை. பகரத்தில் தொடங்கும் சொல் மைக்குக்குள் காற்றாய் அடிக்கும். இதெல்லாம் மாஸ்டர் சொல்லித் தந்ததில்லை. அவர் ஒரு பிழையைக் கண்டால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அவ்வளவுதான். என்ன பிழையென்று நானே தேடிப் பிடிக்க வேண்டும்.

எங்களுக்கு அதிகம் பாட்டு எழுதித் தந்தவர் சோமசேகரம் சேர். முப்பத்துநான்கு வருடம் தமிழ் படிப்பித்து ஓய்வுபெற்றவர். மடிப்புக் கலையாத வேட்டி, சட்டைப்பையில் சிவப்பு மைப் பேனை. ஓய்வுபெற்ற பிறகும் அந்தப் பேனையை அவர் விடவில்லை. எங்கள் கூடத்துப் பெயர்ப்பலகையில் ஒற்றுப் பிழை கண்டு அதைத் திருத்துவித்தவர்.

முதலாவது கதை ஒரு அம்மன் பாட்டு. தென்மராட்சியில் கடலேரியை ஒட்டிய ஒரு ஊர்க் கோயிலுக்காக சேர் எழுதினார். அலைமகள், கலைமகள், மலைமகள் எல்லோரும் அதில் வந்தார்கள். குழுவாகப் பாடுவதற்கு அந்த ஊரிலிருந்தே ஆறு பெண்கள் வந்திருந்தார்கள். ஒத்திகை முடிந்ததும் அவர்களில் மூத்தவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

“பாட்டு நல்லாத்தான் கிடக்கு. ஆனா இது எந்த ஊர் அம்மனுக்கும் பொருந்துமே. எங்கடை அம்மன் இதிலை எங்கை?”

சேரின் முகம் சுருங்கியது. மாஸ்டர்தான் கேட்டார்: “உங்கடை அம்மனிட்டை என்ன விசேசம் அம்மா?”

“விசேசம் எண்டு… எங்கடை ஊர்க் கிணறு முழுக்க உவர் ஐயா. கோயில் கிணறு ஒண்டுதான் நல்ல தண்ணி. விடிய எழும்பி எல்லாரும் குடத்தோடை அங்கைதான் போறம். எங்கடை வீட்டுத் தேத்தண்ணியே அவதான்.”

சேர் தாளைத் திருப்பி, சுவரில் வைத்து, நின்றபடியே இரண்டு வரி எழுதினார்.

ஊரெல்லாம் உப்புக் கரிக்கையிலே – உன்
வாசலில் கிணறு மட்டும் இனிக்குதம்மா

நான் அதைக் கதைப்பதுபோல் வாசித்தேன். ஆர் ஆருக்குச் சொல்வதென்று மாஸ்டர் கேட்கவில்லை. அந்த ஆறு பெண்களும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். சேர் தன் மூன்று தேவியரையும் தானாகவே வெட்டிவிட்டு, அந்த வரியைப் பல்லவியாக்கினார். இன்றும் அந்தக் கோயில் திருவிழாவில் அதைத்தான் போடுகிறார்களாம்.

இரண்டாவது கதைதான் கடினமானது.

சண்டை முடிந்து, தென்மராட்சியின் கிழக்குப் பக்க ஊர்களுக்குச் சனங்கள் திரும்பிக் குடியேறத் தொடங்கிய காலம். வீடு துப்புரவாக்க, ஆடு மேய்க்க, விறகு பொறுக்க என்று போனவர்கள் கால் இழந்த செய்தி அடிக்கடி வந்தது. மிதிவெடி அகற்றும் தொண்டு நிறுவனம் ஒன்றிலிருந்து நிர்மலா என்ற இளம் அலுவலர் கூடத்துக்கு வந்தாள். பிள்ளைகள் பாடக்கூடிய ஒரு விழிப்புணர்வுப் பாட்டு வேண்டும், இறுவட்டில் பதிந்து பாடசாலைகளுக்குக் கொடுப்போம், ஒலிபெருக்கி கட்டிய வான் வண்டியிலும் போட்டுக்கொண்டு போவோம் என்றாள். பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதியிருந்தாள். தெரியாத பொருளைத் தொடாதே. கண்டால் அசையாதே. வந்த காலடியிலேயே திரும்பி வா. பெரியவர்களிடம் சொல்.

சேர் ஒரு கிழமைக்குள் எழுதித் தந்தார்.

தொடாதே தொடாதே தம்பி – மண்ணில்
தோன்றும் பொருளைத் தொடாதே
எடாதே எடாதே தங்கை – அதை
எட்டிக் குனிந்து எடாதே

நல்ல பாட்டு. வாசித்தபோது எனக்குப் பிடித்தது. அக்கா தம்பி தங்கைக்குச் சொல்கிறாள் என்று மாஸ்டருக்குப் பதிலும் சொன்னேன். நீட்ட வேண்டிய இடமெல்லாம் வாய் திறந்திருந்தது. மாஸ்டர் துள்ளலாக இசையமைத்தார். பக்கத்துப் பாடசாலைப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரை வைத்துப் பதிவும் முடித்தோம்.

பிரதி எடுக்குமுன் ஒரு பாடசாலையில் பாடிக் காட்டுவோம் என்று நிர்மலா கேட்டாள். சாவகச்சேரிக்குக் கிழக்கே, அப்போதுதான் மீண்டும் திறந்திருந்த பாடசாலை. இரண்டு வகுப்புக்குப் புதுக் கூரை, மற்ற வகுப்புகள் தறப்பாள் கூடாரத்தின் கீழ். காலையில் நானும் மாஸ்டரும் அறுபது பிள்ளைகளுக்குப் பாட்டைப் பழக்கினோம். அரை மணித்தியாலத்தில் பிடித்துக்கொண்டார்கள். அதிபர் கைதட்டினார்.

இடைவேளை மணி அடித்தது. பிள்ளைகள் முற்றத்துக்கு ஓடினார்கள். நான் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் பாட்டைப் பாடியபடியே ஒரு விளையாட்டைத் தொடங்கியிருந்தார்கள். ஒருவன் நடுவில் குந்தியிருக்கிறான், அவன்தான் வெடி. மற்றவர்கள் சுற்றி நின்று “தொடாதே தொடாதே” என்று பாடிக்கொண்டு ஒவ்வொருவராய் ஓடிவந்து அவன் முதுகைத் தொடுகிறார்கள். அவன் “டமார்” என்று பாய்ந்தெழும்புகிறான். எல்லோரும் சிரித்து விழுகிறார்கள். ஓடும் வேகத்தில் கடைசி எழுத்து மூச்சோடு போய்விடுகிறது. “தொடா தொடா தம்பி” என்று, ‘தொடடா’ என்று சொல்வதுபோல்தான் காதில் விழுகிறது.

தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழும்பினேன். மாஸ்டர் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

“மாஸ்டர், இந்தப் பாட்டை வெளியிலை விடேலாது.”

“ஏன், சுருதி விலகுதோ?”

“சுருதியில்லை. சொல். பிள்ளையளைப் பாருங்கோ.”

பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

நிர்மலா கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டு சிரித்தபடி வந்தாள். “அக்கா, பிள்ளையளுக்கு எவ்வளவு பிடிச்சிருக்கு பாருங்கோ! பாட்டுக்கு ஒரு விளையாட்டே கண்டுபிடிச்சிட்டினம்.”

“உந்த விளையாட்டிலை ஆர் வெல்லுறது, பிள்ளை?” என்று கேட்டேன்.

திரும்பி முற்றத்தைப் பார்த்தாள். கொஞ்சம் கொஞ்சமாகத் தொலைபேசி இறங்கியது.

“தொடுறவை” என்றாள்.

அன்று பின்னேரமே சேர் வீட்டுக்குப் போனோம். நடந்ததை நான்தான் சொன்னேன். சேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“தொடாதே எண்டால் தொடாதே எண்டுதான் அர்த்தம். முப்பத்துநாலு வருசம் படிப்பிச்சனான். இதைவிடத் தெளிவா எப்பிடி எழுதுறது?”

“எழுத்திலை தெளிவுதான் சேர். ஆனா ஓடேக்கை வாயிலை பாதிதான் நிக்குது.”

“அப்ப இராகம் பிழை.”

நான் மாஸ்டரைப் பார்த்தேன். அந்த இராகத்துக்காக அவர் பத்து நாள் மினக்கெட்டிருந்தார்.

“ஓம் சேர், இராகமும் பிழை” என்றார் மாஸ்டர். “நானும் முழுக்கத் திருப்பிச் செய்யிறன்.”

நாங்கள் எழும்பியபோது சேர் வாசல் படலைவரை வரவில்லை. இனி எங்களுக்கு எழுத மாட்டார் என்றே நினைத்தேன். என்னால்தான் இந்த உறவு முறிந்ததென்று அடுத்த இரண்டு நாளும் வேலை ஓடவில்லை.

மூன்றாம் நாள் பின்னேரம் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சேர். வெயிலில் முகம் கறுத்திருந்தது. எப்போதும் வெள்ளையாயிருக்கும் வேட்டியின் கரையெல்லாம் மணல். ஒருவருக்கும் சொல்லாமல், தனியாக பஸ் பிடித்து அந்தப் பாடசாலைக்குப் போயிருக்கிறார். வேலியோரம் வேப்பமரத்தின் கீழ் இருந்து இடைவேளை முழுவதும் பார்த்திருக்கிறார்.

“யோகா, நீர் சொன்னது சரி” என்றார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னார்:

“ஒரு சின்னப் பெட்டை, ஆறு வயசிருக்கும். கையை நீட்டிக்கொண்டு வெடியிட்டைப் போறாள். விளையாட்டெண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் ‘நில்!’ எண்டு கத்திப்போட்டன். அவ்வளவு பிள்ளையளும் அப்பிடியே நிண்டிட்டுதுகள். வாத்தியார்மாரும் நிண்டிட்டினம். அந்தச் சொல்லை நான் யோசிச்சு எடுக்கேல்லை. அது தானா வந்தது.”

பிறகு தாள் கேட்டார். மாஸ்டரின் மேசையிலேயே இருந்து எழுதினார்.

நில்!
நின்ற இடத்திலே நில்!
வந்த வழி பார் – உன் காலடி பார்
காலடி மேலே காலடி வைத்து
வீட்டுக்கு வா – கண்டதைச் சொல்!

எழுதியதைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். பிறகு பையிலிருந்த சிவப்பு மைப் பேனையை எடுத்து ‘நின்ற’ என்பதை வெட்டி, மேலே ‘நிண்ட’ என்று எழுதினார். மாணவர்களின் கட்டுரைகளில் அவர் ஆயிரம் தடவை வெட்டியிருக்கக்கூடிய சொல் அது.

நான் வாசித்தேன். முதற் சொல்லை வாசித்ததும் எனக்கே குரல் நின்றது. மாஸ்டர் கண்ணைத் திறந்தார்.

“மெய்யெழுத்திலை முடியுது மாஸ்டர். நீட்டேலாது” என்றேன்.

“நீட்டக் கூடாது” என்றார் அவர். “நாங்களும் நிப்பம்.”

பாட்டு ‘நில்’ என்றதும் மேளம், ஓர்கன், குரல் எல்லாம் ஒரேயடியாக நிற்க வேண்டும். நான்கு எண்ணிக்கைக்கு வெறும் அமைதி. அதன் பிறகுதான் அடுத்த வரி. ஒலிப்பதிவாளருக்கு அது பிடிக்கவில்லை. “இறுவட்டு பழுதெண்டு ஆக்கள் நினைப்பினம்” என்றார். மாஸ்டர் இளகவில்லை.

அமைதியைப் பதிவு செய்வது பாட்டைப் பதிவு செய்வதைவிடக் கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். பன்னிரண்டு பிள்ளைகள். ஒருமுறை ஒருவன் இருமினான், ஒருமுறை செருப்பு உரசியது, ஒருமுறை ஒழுங்கைக்குள் லொறி வந்தது. செருப்புகளைக் கழற்றி வெளியே வைத்தோம். நான் பதிவறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று நான்கு விரலை ஒவ்வொன்றாய் மடக்கிக் காட்டினேன். ஒன்பதாவது தடவை, ‘நில்’ என்ற சொல்லுக்குப் பிறகு கூடத்தில் எதுவுமே இல்லை. பிள்ளைகள் இமைக்கக்கூட இல்லை.

அதே பாடசாலைக்குத் திரும்பவும் போனோம். இந்த முறை சேரும் வந்தார். இடைவேளைக்கு நிர்மலாவோடு நாங்கள் மூன்று பேரும் முற்றத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். பிள்ளைகள் மறுபடியும் விளையாட்டுக் கண்டுபிடித்தார்கள். ஒருத்தி பாடுகிறாள், மற்றவர்கள் ஓடுகிறார்கள். ‘நில்’ என்றதும் எல்லோரும் கல்லாகிறார்கள். அசைந்தவர் வெளியே. கடைசிவரை அசையாமல் நின்றவர் வென்றவர்.

நிர்மலா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

பாட்டு ஊர் ஊராகப் போனது. நாங்கள் வேறு வேலைகளுக்குள் போய்விட்டோம். அடுத்த மாரி முடிந்து வெயில் வந்த நாட்களில் ஒருநாள் காலை, ஒருவர் ஒரு பிடி முருங்கைக்காயோடும் எட்டு வயதுச் சிறுமியோடும் மாடியேறி வந்தார். சேரும் அன்று தற்செயலாக அங்கே இருந்தார்.

“மிதிவெடிப் பாட்டுச் செய்தது இஞ்சைதானோ?” என்று கேட்டார் வந்தவர்.

ஓம் என்றோம். முருங்கைக்காயை மேசையில் வைத்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

மகளின் பெயர் துளசி. ஆட்டுக்குட்டி ஒன்று கட்டறுத்துக்கொண்டு ஓட, அதைத் தேடிப் பனைகள் அடர்ந்த பனங்கூடலுக்குள் போயிருக்கிறாள். துப்புரவாக்கி முடிந்ததென்று எல்லோரும் நடமாடிய இடம்தான். மழை மண்ணை அரித்துப் பச்சையாக ஒன்றை வெளியே கொண்டுவந்திருக்கிறது.

“ரெண்டு முழம் இருக்கும் ஐயா, அவள் நிண்ட இடத்திலையிருந்து” என்றார் தகப்பன். “ஒரு மணித்தியாலத்துக்கு மேலை வெயிலுக்குள்ளை நிண்டிருக்கிறாள். நான் தேடிக்கொண்டு போறன், தூரத்திலை கண்டிட்டுக் கத்துறாள், ‘அப்பா, அங்கையே நில்லுங்கோ!’ எண்டு. நானும் நிண்டிட்டன். நான் கத்தின சத்தத்துக்கு அயலாக்கள் ஓடிப்போய்ச் சொல்ல, வெடி எடுக்கிற ஆக்கள் வந்துதான் அவளைத் தூக்கினவை.”

நான் சிறுமியைப் பிடித்து என்னோடு அணைத்துக்கொண்டேன்.

சேர் அவளுக்கு முன்னால் குனிந்தார். “பிள்ளை, பாட்டிலை காலடி பாத்துத் திரும்பி வரச் சொல்லியெல்லோ இருக்கு. நீர் ஏன் வரேல்லை?”

துளசி தகப்பனை ஒருதரம் பார்த்தாள். களவு பிடிபட்டதுபோல் குரல் இறங்கியது.

“நில் எண்டதுக்குப் பிறகு என்ன வரி எண்டு மறந்து போச்சு. அதுதான் நிண்டனான்.”

மாஸ்டர் முதலில் சிரித்தார். பிறகு நாங்கள் எல்லோரும் சிரித்தோம். சேர் சிரித்துக்கொண்டேயிருந்தவர், வேட்டித் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. நெடுநேரம் அவர் முகத்தை எடுக்கவில்லை.

சுகந்தி, நீ கேட்டதற்கு எனக்குத் தெரிந்த பதில் இவ்வளவுதான். மற்றதெல்லாம் மறந்துபோகும் நேரத்திலும் வாயில் நிற்கிற வரி, அதற்கு வேறு அழகு தேவையில்லை. அப்படி ஒரு சொல் பிறந்த இடத்தில் பென்சிலோடு நிற்கக் கிடைத்ததே எனக்குப் பெரிய கொடுப்பினை. என்னைச் சொல்லுப் பார்க்க வைத்த உன் அப்பாவுக்கும், தான் எழுதியதைத் தானே வெட்டத் தெரிந்த சேருக்கும் நான் நேரில் நன்றி சொன்னதில்லை. இப்போது இரண்டு பேரும் இல்லை. இதை எழுதுவது அதற்காகவும்தான்.

அன்று துளசி போகுமுன் கேட்டாள்: “அப்ப பிறகு என்ன வரி?”

சேர் வாழ்நாளில் ஒருவர் முன்னாலும் பாடியதில்லை. அவளைக் கதிரையில் ஏற்றி உட்கார வைத்துவிட்டு, வந்த வழி பார், உன் காலடி பார் என்று தட்டையான வாத்தியார்க் குரலில் பாடிக் காட்டினார். அவள் கூடச் சொன்னாள். இரண்டு தடவை தடுக்கியது. மூன்றாம் தடவை முழுப்பாட்டும் வந்துவிட்டது. வாசலில் நின்ற தகப்பனும் உதட்டுக்குள் அதைச் சொல்லிப் பாடமாக்கிக்கொண்டிருந்தார்.